பஸ் நஷ்டத்துல ஓடுதுன்னா அந்தக் காசு எங்க போகுது? வடசென்னைய வச்சு ஒரு எளிய விளக்கம்

"கவர்மெண்ட்டே கடன்ல கெடக்கு, இதுல மெட்ரோவுக்கு இத்தன ஆயிரம் கோடி எதுக்கு, லேடீஸுக்கு ஃப்ரீ பஸ் எதுக்கு"ன்னு தண்டையார்பேட்டைல எந்த டீக்கடைல நின்னாலும் யாராவது ஒருத்தர் கேட்டுட்டுதான் இருக்காங்க. கேக்குறதுல தப்பே இல்ல, நம்ம வரிக்காசு அது. ஆனா பதில் சொல்றவங்கள்ல பாதிப் பேரு கட்சிய வச்சு சொல்றாங்க, மீதிப் பேரு நஷ்டம்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுறாங்க, கணக்க எடுத்து வச்சு பொறுமையா சொல்ல ஆளில்ல. அதான் இத எழுதுறேன். எகனாமிக்ஸ் எல்லாம் படிச்சிருக்கணும்னு இல்ல, பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

முதல்ல யாரு எத ஓட்டுறாங்கன்னு பாத்துடுவோம், ஏன்னா இங்கதான் நெறைய பேரு குழப்பிக்கிறாங்க. சென்னை மாநகராட்சி பஸ் ஓட்டல. ரோடு, லைட்டு, மழைநீர் வடிகால், பஸ் ஸ்டாப் நிழற்குடை இதெல்லாம் அவங்க. பஸ் ஓட்டுறது மாநகர் போக்குவரத்துக் கழகம், நாம சொல்ற எம்.டி.சி., அது முழுக்க முழுக்க தமிழ்நாடு அரசோட கம்பெனி. மெட்ரோ, மத்திய அரசும் மாநில அரசும் சேந்து நடத்துற கம்பெனி. கும்மிடிப்பூண்டி லைன்ல ஓடுற மின்சார ரயில் ரயில்வேயோடது. ஆக ஒரே ஊரு, ஒரே ரோடு, ஆனா நாலு கஜானா. "ஊர்ல காசில்ல"ன்னு யாராவது சொன்னா எந்தக் கஜானால காசில்லன்னு திருப்பிக் கேளுங்க, பாதி சண்ட அங்கயே தெளிஞ்சிடும். (பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், இந்த எம்.டி.சி. 1972-ல பல்லவன்னு ஆரம்பிச்சு, 1994-ல வடசென்னைப் பக்கத்த தனியா பிரிச்சு டாக்டர் அம்பேத்கர் பேர்ல ஒரு கழகம் ஓடுச்சு, 2001-ல மறுபடியும் ஒண்ணா சேத்துட்டாங்க.)

அடுத்தது இந்தக் கட்டுரைக்கே முதுகெலும்பு மாதிரியான விஷயம், இத மட்டும் புரிஞ்சுக்கிட்டா மிச்சம் தானா புரியும். போக்குவரத்துல ரெண்டு வகைச் செலவு இருக்கு. ஒண்ணு கட்டுற செலவு, அதாவது பஸ் வாங்குறது, டிப்போ கட்டுறது, மெட்ரோ தூண் போடுறது, இது ஒரு தடவ பெருசா வரும். இன்னொண்ணு ஓட்டுற செலவு, டிரைவர் கண்டக்டர் சம்பளம், ரிட்டயர் ஆனவங்க பென்ஷன், டீசல், டயர், ஸ்பேர் பார்ட்ஸ், இது விடிஞ்சா வரும், ஒரு நாளும் நிக்காது. கட்டுற செலவுக்கு கடன் குடுக்க உலகமே ரெடியா இருக்கு. ஜப்பானோட ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஜெர்மனியோட கே.எஃப்.டபிள்யூ.ன்னு வரிசையா குடுக்குறாங்க, திறப்பு விழாவுக்கு பேனர் வைக்கலாம், ஃபோட்டோ எடுக்கலாம். ஓட்டுற செலவுக்கு அப்படி யாரும் ஓடி வந்து குடுக்குறதில்ல. கடன் வாங்கி பைக் எடுத்துட்டு பெட்ரோல் போட காசில்லாம வாசல்ல நிறுத்தி வச்சிருக்கிற வீட்டப் பாத்திருப்பீங்க, பணக்கஷ்டத்துல இருக்குற ஒரு ஊருக்கு வர்ற பெரிய ஆபத்தும் அதேதான்.

இப்ப ஓட்டுற செலவப் பாப்போம். 2021 ஆகஸ்ட்ல அப்ப நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் மாநில நிதி நிலை பத்தி ஒரு வெள்ளை அறிக்கை விட்டாரு. அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினா 59 ரூபாய் 15 காசு நஷ்டம்னு அதுல வந்துச்சு. தமிழ்நாடு முழுக்க உள்ள கணக்கு அது, கொரோனா லாக்டவுன் அடிச்சிட்டுப் போன சமயம் வேற, அதனால எப்பவும் இவ்ளோதான்னு எடுத்துக்கக் கூடாது. ஆனா அளவு புரியணும்ல, ஒரு பஸ் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுதுன்னு வச்சுக்கோங்க, 11,830 ரூபாய் ஒரே பஸ்ல ஒரே நாள்ல. எம்.டி.சி. கிட்ட மூவாயிரத்துக்கு மேல பஸ் இருக்கு. கேக்கவே பகீர்னு இருக்கும்.

சரி, ஏன் இவ்ளோ? ஒரு பஸ் வள்ளலார் நகர்ல கெளம்பி மணலி வரைக்கும் போகுதுன்னா உள்ள 10 பேரு இருந்தாலும் 70 பேரு தொங்கிட்டுப் போனாலும் செலவு ஏறக்குறைய ஒண்ணுதான், அதே டிரைவர் அதே கண்டக்டர் கிட்டத்தட்ட அதே டீசல். வரவு மட்டும்தான் ஆளப் பொறுத்து மாறும். காலைல எட்டு மணிக்கு நிக்க எடமில்ல, மதியம் ரெண்டு மணிக்கு காத்தாடும், ஆனா மதியம் ஓட்டாம விட்டா அந்த நேரத்துல ஷிஃப்ட் மாறிப் போறவன் வீட்டுக்கு எப்படிப் போவான்?

இதுல வடசென்னைக்குன்னே தனியா ஒரு கணக்கு இருக்கு, அதப் பத்தி யாரும் பேசி நான் கேட்டதில்ல. சாயங்காலம் எர்ணாவூர்ல இருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியா காசிமேடு ஜீரோ கேட் பக்கம் வந்து பாருங்க. துறைமுகத்துக்கு உள்ள போக கண்டெய்னர் லாரிங்க ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசை கட்டி நிக்கும், டிரைவருங்க எறங்கி டயர் பக்கத்துல உக்காந்து சோறு சாப்புடுவாங்க, அந்த வரிசை ஒரு லேன முழுசா சாப்ட்டுடும், மிச்சம் இருக்குற எடத்துல பைக், ஷேர் ஆட்டோ, மீன் ஏத்துன குட்டியானை, நடுவுல நம்ம பஸ்ஸு ஃபர்ஸ்ட் கியர்ல அழுதுட்டு நிக்கும். உள்ள எறங்க வேண்டியவங்க "இங்கயே எறக்கி விடுண்ணே, நடந்தே பூடறேன்"னு கண்டக்டர் கிட்ட கேட்டு எறங்கிடுவாங்க. இது வெறும் கால தாமதம் இல்ல, இது காசு. ஒரு ஷிஃப்ட்ல எட்டு ட்ரிப் அடிக்க வேண்டிய பஸ் ஆறுதான் அடிக்குதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். சம்பளம் எட்டு ட்ரிப்புக்கு உள்ள அதே சம்பளம்தான், கலெக்‌ஷன் ஆறு ட்ரிப்போடது. இன்ஜின ஆஃப் பண்ணாம நிக்கிற டீசல் தனி. அந்தப் போன ரெண்டு ட்ரிப்புக்காக ஸ்டாப்ல நின்னவங்க ஷேர் ஆட்டோல ஏறிடுவாங்க, ஏறினவங்க திரும்ப வர்றது கஷ்டம். ஆக எம்.டி.சி. கணக்குல நஷ்டம்னு எழுதுறதுல ஒரு பங்கு உண்மையில துறைமுக டிராஃபிக்கோட செலவு, அது வேற ஒருத்தர் கணக்குல வர வேண்டியது.

அதனாலதான் சொல்றேன், காசில்லாத ஊரு முதல்ல செய்ய வேண்டிய முதலீடு புது பஸ் கூட இல்ல, இருக்குற பஸ்ஸ வேகமா நகர விடுறது. லாரிக்கு தனி நிறுத்துமிடம், குறிப்பிட்ட நேரத்துக்கு பஸ்ஸுக்குன்னு ஒரு லேன், ஸ்டாப் முன்னாடி வண்டி நிறுத்தாம பாத்துக்குறது. இதுக்கு மெட்ரோ மாதிரி ஆயிரம் கோடியெல்லாம் ஆகாது, தூண் வேணாம், வெளிநாட்டுக் கடன் வேணாம். பஸ் வேகம் ஏறினா அதே டிரைவர், அதே வண்டி, கூட ரெண்டு ட்ரிப்பு.

டிக்கெட் வெலைய ஏத்திட்டா சரியாயிடாதான்னு கேப்பீங்க. செஞ்சு பாத்தாச்சே. 2018 ஜனவரில போக்குவரத்துத் தொழிலாளருங்க ஸ்ட்ரைக் முடிஞ்ச கையோட 20-ஆம் தேதி கட்டணத்த ஏத்துனாங்க, சிட்டில சாதா பஸ் மினிமம் மூணு ரூபால இருந்து அஞ்சு ரூபா ஆச்சு. காலேஜ் பசங்க எல்லாம் ரோட்டுக்கு வந்துட்டாங்க, ஒரு வாரத்துல ஒரு ரூபாய் கொறச்சாங்க. வெல ஏறினதுக்கு அப்பறம் பஸ்ல ஏறுற கூட்டமும் கொறஞ்சுச்சு, கையில ரெண்டு பேருக்கு டிக்கெட் காசு இருந்தா பைக்குக்கு பெட்ரோல் போட்டுடலாம்னு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. கூட்டம் கொறஞ்சா வரவு கொறையும், வரவு கொறஞ்சா ட்ரிப்ப வெட்டுவாங்க, ட்ரிப்ப வெட்டினா மிச்சக் கூட்டமும் போகும். இந்தச் சுழல்ல மாட்டுன ஊருங்க ஒலகம் பூரா இருக்கு. இன்னொரு பக்கமும் உண்மை, 2018-க்கு அப்பறம் வெல ஏறவே இல்ல, அப்ப டீசல் லிட்டர் 65 ரூபாய் சொச்சம், இப்ப 90-ஐ தாண்டிடுச்சு. அந்த டீசலுக்கு மத்திய அரசும் வரி வாங்குது மாநில அரசும் வரி வாங்குது, அப்பறம் அதே மாநில அரசு நஷ்டம்னு சொல்லி பஸ் கம்பெனிக்கு மானியம் குடுக்குது. ஒரு பாக்கெட்ல எடுத்து இன்னொரு பாக்கெட்ல போடுறதுல ஒரு பகுதியும் நஷ்டக் கணக்குல சேருது.

இப்ப ஃப்ரீ பஸ் விஷயத்துக்கு வருவோம். 2021 மே மாசம் புது அரசு வந்த கையோட போட்ட உத்தரவு, சாதா கட்டண பஸ்ல பெண்களுக்கு கட்டணமில்லாப் பயணம். பின்னாடி அதுக்கு விடியல் பயணம்னு பேரு வச்சாங்க. காசில்லாம ஏறினாலும் கண்டக்டர் ஒரு டிக்கெட் குடுப்பாரு கவனிச்சிருக்கீங்களா? நெறைய பேரு அத வாங்குன உடனே கசக்கிப் போட்டுடுறாங்க. அந்தச் சின்னப் பேப்பருதான் கணக்கு. எத்தன பேரு போனாங்கங்கிறதுக்கு அதுதான் ஆதாரம், அந்தப் பயணத்துக்கான காசத்தான் அரசு பஸ் கம்பெனிக்கு ஈடு கட்டணும். 2025-26 பட்ஜெட்ல இதுக்கு மட்டும் 3,600 கோடி ஒதுக்குனாங்க, மாநிலம் முழுக்க. அதனால அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன், டிக்கெட்ட கேட்டு வாங்குங்க. உங்க டிக்கெட் கிழியலன்னா உங்க ரூட்ல கூட்டமே இல்லன்னுதான் டிப்போ பேப்பர்ல ஏறும், கூட்டமில்லாத ரூட்லதான் முதல்ல ட்ரிப்ப வெட்டுவாங்க.

இந்த 3,600 கோடி செலவா முதலீடா? மாநிலத் திட்டக் குழு ஒரு ஆய்வு பண்ணுச்சு, ஒரு பொண்ணுக்கு மாசம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு வந்துச்சு. வியாசர்பாடில இருந்து தி.நகர் துணிக்கடைக்கு வேலைக்குப் போற பொண்ணு, காசிமேட்டுல விடிகாலைல மீன் எடுத்து கூடையோட தெருத்தெருவா போற அம்மா, இவங்க கையில மாசம் 888 நிக்குதுன்னா அது பால் வாங்கும், ஸ்கூல் நோட்டு வாங்கும், பக்கத்துக் கடைலயே செலவாகும். அதவிட முக்கியம், பஸ் காசு போக மிஞ்சாதுன்னு தூரத்து வேலைய வேணாம்னு சொன்னவங்க இப்ப அந்த வேலைக்குப் போலாம். இந்த வரவு ஒண்ணுகூட பஸ் கம்பெனி கணக்குல ஏறாது. செலவு ஒரு எடத்துல தெரியும், பலன் பத்து எடத்துல பிரிஞ்சு போகும், அதனாலதான் பேப்பர்ல நஷ்டம் மட்டும் தெரியுது. பஸ்ஸ நிறுத்திட்டா செலவு மறைஞ்சிடுமான்னா மறையாது, கவர்மெண்ட் கணக்குல இருந்து குடும்பத்து கணக்குக்கு மாறும், பைக் இ.எம்.ஐ. ஆகவும் ஷேர் ஆட்டோ காசாவும்.

அடுத்தது பெரிய காசு, மெட்ரோ. வண்ணாரப்பேட்டைல இருந்து விம்கோ நகர் வரைக்கும் 9.05 கிலோமீட்டர் நீட்டிப்பு, 2021 பிப்ரவரி 14-ல தொறந்தாங்க, 3,770 கோடி. வகுத்துப் பாத்தா கிலோமீட்டருக்கு 417 கோடி கிட்ட. ரெண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி, கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல. இத வியாசர்பாடி டிப்போல 2025 ஜூன் 30 அன்னிக்கு கொடியசைச்சு விட்ட 120 எலெக்ட்ரிக் பஸ்ஸோட வச்சுப் பாருங்க, அது 207.90 கோடி, ஒரு பஸ் 1.73 கோடி சொச்சம். விம்கோ நகர் லைன்ல ஒரு கிலோமீட்டர் கட்டுன காசுக்கு 240 எலெக்ட்ரிக் பஸ் வரும்.

உடனே மெட்ரோ வேஸ்ட்டுன்னு முடிவு கட்டிடாதீங்க. பஸ் பத்துப் பன்னெண்டு வருஷத்துல காயலான் கடைக்குப் போயிடும், மெட்ரோ தூணும் சுரங்கமும் பேரன் காலத்துக்கும் நிக்கும். ஒரு ட்ரெயின் ஒரே டிரைவர வச்சு ஆயிரத்துக்கு மேல ஆள ஏத்திட்டு கண்டெய்னர் லாரிக்கு மேல பறந்து போயிடும். விம்கோ நகர்ல ஏறி ஏர்போர்ட் வரைக்கும் 50 ரூபாதான், 2021-ல 70-ல இருந்து கொறச்சாங்க. திருவொற்றியூர் ஹை ரோட்டுல மாட்டிக்கிட்டு பாரிமுனை போனவங்களுக்கு இது என்னன்னு தெரியும். 2025-ல சில மாசம் மெட்ரோல போனவங்க எண்ணிக்கை ஒரு கோடியத் தாண்டுச்சு. கூட்டம் நெரியுற ரூட்டுல, நூறு வருஷத்துக்கு யோசிச்சா மெட்ரோ சரி. கூட்டம் சிதறி இருக்குற எடத்துல, நாளைக்கே வேணும்னா பஸ்தான் சரி. ரெண்டையும் எதிரி மாதிரி நிறுத்திப் பேசுறதுல எனக்கு உடன்பாடே இல்ல.

கடன் வாங்கிக் கட்டலாமாங்கிறதுக்கு நான் பாக்குறது ரெண்டே விஷயம். கடன் முடியிறதுக்கு முன்னாடி பொருள் பாழாயிடுமா? பாழாகாதுன்னா கடன் வாங்கலாம், ஏன்னா நம்ம பசங்களும் அத உபயோகிப்பாங்க, அவங்களும் ஒரு பங்கு கட்டட்டும். ரெண்டாவது, கட்டி முடிச்சதுக்கு அப்பறம் அத ஓட்ட வருஷா வருஷம் காசு எங்கிருந்து வரும்னு எழுதி வச்சிருக்காங்களா? சம்பளத்துக்கு கடன் வாங்குறது தப்பு, சுரங்கத்துக்கு வாங்குறது தப்பில்ல. மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல என்ன ஆச்சுன்னா, 2024 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒத்துக்குற வரைக்கும் பெரும்பாலான செலவ மாநில அரசே கடன் வாங்கி தூக்கிச்சு, அந்தப் பாரம் மத்த செலவு எல்லாத்தையும் நெருக்குச்சு. யாரு பங்கு எவ்ளோன்னு முடிவாகாம வேலைய ஆரம்பிச்சா இருக்குற கஷ்டத்துல இன்னும் கஷ்டம்.

மாநகராட்சியும் கடன் வாங்குது. 2025 மே மாசம் சென்னை மாநகராட்சி 200 கோடிக்கு பாண்டு விட்டு தேசிய பங்குச் சந்தைல லிஸ்ட் பண்ணுச்சு, வட்டி 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ. பாண்டுன்னா ஒண்ணுமில்ல, பேங்க்குக்குப் பதிலா முதலீட்டாளர்ங்க கிட்ட கைநீட்டி வாங்குற கடன். அந்தக் காசு கொசஸ்தலையாறு பக்கம் மழைநீர் வடிகாலுக்கு, அதாவது நம்ம மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கம். வடிகாலுக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, டிசம்பர்ல மணலில தண்ணி நின்னா எந்த பஸ் போகும்? இப்படி கடன் குடுக்குறவங்க முதல்ல பாக்குறது ஒழுங்கா வரி வசூலாகுதாங்கிறதத்தான். 1998-க்கு அப்பறம் 2022 வரைக்கும் சென்னைல சொத்து வரி உயர்வு எதுவும் நிலைக்கல, 2018-ல ஏத்துனதையும் 2019-ல நிறுத்தி வச்சுட்டாங்க. அதுக்குள்ள நெலத்தோட வெல எங்கயோ போயிடுச்சு.

நெலம்னதும் இத சொல்லியே ஆகணும். மெட்ரோ வருதுன்னு பேச்சு அடிபட்டதுமே ஸ்டேஷன் பக்கத்துல வாடகை ஏறும், மனை வெல ஏறும். அந்த லாபம் மெட்ரோ கம்பெனிக்கா போகுது? வீட்டு ஓனருக்குப் போகுது. பத்திரப்பதிவுல ஒரு பங்கு மாநில அரசுக்கு, சொத்து வரில ஒரு பங்கு மாநகராட்சிக்கு. தண்டவாளம் போட்டவனுக்கு டிக்கெட் காசு மட்டும்தான். ஹாங்காங்ல மெட்ரோ கம்பெனியே ஸ்டேஷன் மேல கட்டடம் கட்டி வித்து, வாடகைக்கும் விட்டு, அந்தக் காசுல ரயில் ஓட்டுது. நம்ம ஊர்லயும் ஸ்டேஷன சுத்தி ஏறுற நெல மதிப்புல ஒரு பங்க போக்குவரத்துக்கே திருப்புற வழிய கண்டுபிடிச்சா டிக்கெட் வெலைய ஏத்தாமலே கொஞ்சம் மூச்சு விடலாம். ஆனா பாத்து செய்யணும், காலடிப்பேட்டைல வாடகைக்கு இருக்குறவங்கள மீஞ்சூர் தாண்டித் தள்ளிட்டு அவங்களுக்காக மெட்ரோ கட்டினோம்னு சொல்லக் கூடாது.

அந்த எலெக்ட்ரிக் பஸ் ஓடுற முறையும் தெரிஞ்சுக்குங்க, இனிமே இதான் நெறைய வரப் போகுது. உலக வங்கி உதவியோட வர்ற திட்டம், ஆனா பஸ் எம்.டி.சி.யோடது இல்ல, தனியார் கம்பெனியோடது, டிரைவரும் அவங்க ஆளு. கண்டக்டர் மட்டும் எம்.டி.சி. டிக்கெட் காசு முழுசா எம்.டி.சி.க்கு, பதிலுக்கு ஓடுன கிலோமீட்டருக்கு இவ்ளோன்னு எம்.டி.சி. அவங்களுக்குக் குடுக்கணும். நல்லது என்னன்னா மொத்தமா காசு போட வேணாம், பஸ் ரிப்பேர் ஆனா அவங்க தலவலி. கவலை என்னன்னா பஸ்ல ஆள் ஏறினாலும் ஏறலன்னாலும் கிலோமீட்டர் காசு குடுத்தே ஆகணும், வருஷக்கணக்குல ஒப்பந்தம். அந்தப் பாக்கி நின்னா பஸ்ஸும் நிக்கும். நான் முன்னாடி சொன்ன ஓட்டுற செலவுதான் திரும்பவும் வேற ரூபத்துல வந்து நிக்குது. தாழ்தள பஸ், வயசானவங்க முட்டிவலியோட ஏறலாம், வீல்சேர் ஏறலாம், எனக்கு ரொம்ப சந்தோஷம், அதுக்காகவே இதுக்கு வருஷா வருஷம் காசு ஒதுக்குறாங்களான்னு நாம பாத்துட்டே இருக்கணும்.

ஓட்டுற காசு இல்லாம ஒரு நல்ல விஷயம் செத்துப் போறது நம்ம ஊர்லயே நடந்திருக்கு. 1895-ல இருந்து மெட்ராஸ்ல டிராம் ஓடுச்சு, கரண்டுல. தனியார் கம்பெனி. சம்பளம், வெலவாசி, வரவு மூணும் ஒத்துப் போகாம நஷ்டத்துல விழுந்து 1953 ஏப்ரல் 12-ஓட நிறுத்திட்டாங்க, அரசு எடுத்து நடத்தல. தண்டவாளம் போட்ட பாதை போச்சு. அதுக்கப்பறம் அரை நூற்றாண்டு தாண்டி மெட்ரோவுக்கு கிலோமீட்டருக்கு நானூறு கோடி ஐநூறு கோடின்னு குடுக்குறோம்.

நீங்க என்ன பண்ணலாம்? வருஷா வருஷம் சட்டசபைல போக்குவரத்துத் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறை செலவுக்குப் பணம் கேக்குறது, வரும்போது கொள்கை விளக்கக் குறிப்புன்னு ஒரு புஸ்தகம் போடுவாங்க, தமிழ்லயே இருக்கும், நெட்ல கெடைக்கும். அதுல புது பஸ் எத்தனன்னு மட்டும் பாக்காதீங்க. கையில இருக்குற பஸ்ல தினம் ரோட்டுக்கு வர்றது எத்தன, ஒரு பஸ் ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் ஓடுதுங்கிறதப் பாருங்க, அதுலதான் ஓட்டுற காசு இருக்கா இல்லையான்னு தெரியும். அப்பறம் நம்ம வார்டு ஏரியா சபைல கேளுங்க. மணலிக்கு மெட்ரோ இல்ல, பயணிகள் ரயிலும் இல்ல. கத்திவாக்கம், எண்ணூருக்கு மின்சார ரயில் இருக்கு, மெட்ரோ விம்கோ நகரோட நிக்குது. ராத்திரி விம்கோ நகர்ல கடைசி மெட்ரோ வந்து நிக்கும்போது வெளிய எண்ணூருக்கும் மணலிக்கும் ஒரு பஸ் கெளம்ப ரெடியா இருக்கணும்னு கேளுங்க, அதுக்கு ஆகுறது ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர், சில லிட்டர் டீசல்.